கோடை ஆய்வுக்கு ஐப்பசியிலேயே எழுதுங்கள்

திருப்பத்தூர் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் பள்ளி நாளிலேயே காவலூருக்குப் போய், 1986 முதல் இயங்கிவரும் 2.3 மீட்டர் தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவர்கள். அதை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் கோடையில் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது என்ற விவரத்தை மட்டும் அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் பிராக்டிகல் தேர்வு முடிந்ததும், "மேடம், லீவுல ரிசர்ச் இன்டர்ன்ஷிப் போகலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். ஆசைக்குக் குறைவில்லை, மாதம்தான் தப்பிவிடுகிறது. பெங்களூரு, தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்குப் பெரும்பாலும் முந்தைய நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. சென்னை ஐஐடி போன்ற சில இடங்களில் பிப்ரவரி, மார்ச் வரை வாய்ப்பு இருப்பதுண்டு. மற்றபடி மே மாதத்தில் ஆய்வகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் மழைக்காலத்திலேயே எழுதிப் போட வேண்டும்.

இது தெரியாத பிள்ளைகளைக் குறிவைத்துத்தான், காசு வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கொடுப்பவர்கள் வாட்ஸ்அப்பில் வலை வீசுகிறார்கள். நாலு வீடியோவைப் பார்த்து வாங்கும் அந்தத் தாளை எந்த ஆய்வு நிறுவனமும் மதிப்பதில்லை. கழகங்களின் திட்டத்தில் மாணவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அவர்களே மாதாமாதம் உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகிறார்கள்.

தேதி தெரிந்தும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஏன் இந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறாய் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்வார்கள். "சிறு வயதிலிருந்தே அறிவியலில் தீராத ஆர்வம்" என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் தொடங்குகிறார்கள். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அப்படித்தான் எழுதிவந்தாள். அதை ஓரமாக வைத்துவிட்டு ரெக்கார்டு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். நியூட்டன் வளையப் பரிசோதனையில் விட்டத்தின் வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராக வரைந்திருந்தாள். நேர்கோடு வந்திருந்தது, ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. மற்றவர்கள் கோட்டைச் சற்றே சாய்த்து ஆதிப்புள்ளியில் சேர்த்துவிட்டார்கள். இவள் சேர்க்கவில்லை. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்திருக்கிறாள். வெட்டு மாறியது, சாய்வு அப்படியே இருந்தது. லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே தூசி இருந்தாலும் வளைவு ஆரம் பிழைபடாது என்று தானாகவே கண்டுகொண்டாள். "இதையெல்லாமா எழுதுவாங்க மேடம்?" என்றாள். இதைத்தான் எழுத வேண்டும். சந்தேகப்பட்டு இன்னொரு முறை அளந்தவள் என்பது நூறு அடைமொழிகளை விடத் தேர்வாளருக்குப் பெரிது. இந்தப் பரிசோதனை நடக்காத இயற்பியல் கல்லூரி தமிழ்நாட்டில் இருக்காது, ஆகவே எழுத ஒன்றுமில்லை என்று எந்த மாணவரும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். "நீயே டைப் பண்ணிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. ஒழுக்கமானவள், வருகைப்பதிவு நன்று, இரண்டாண்டாக அறிவேன் என்று மூன்று வரிக் கடிதம் போகிறது. விண்ணப்பங்கள் வந்து குவியும் மேசையில் அந்தக் கடிதத்தை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது. அந்தத் தூசி விவரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியர் எழுதினால்தான் அது சாட்சி. வேலைப்பளு எனக்கும் தெரியும். ஆனாலும் இது ஆசிரியர் செய்யும் உபகாரமில்லை, கடமை.

1928 கோடையில் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் கல்கத்தாவில் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் இருந்தார். ராமன் விளைவு கண்டறியப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மாணவருக்கு வயது 17, பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர். அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைத் தேடிப்போய்ச் சந்தித்தார், அவர் கொடுத்த அச்சுப்படியை உட்கார்ந்து படித்தார். இளநிலை முடிக்குமுன்பே, 1929-இல், அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. மேதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ராமன் அவருக்குச் சித்தப்பா. ஆய்வகம் என்றால் என்ன, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லக் குடும்பத்திலேயே ஆள் இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் மகளுக்கு அந்தச் சித்தப்பாவின் இடத்தில் நிற்க வேண்டியவர் வகுப்பாசிரியர்தான். வேறு யாரும் இல்லை.

எனவே சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபரில் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். காவலூர், கல்பாக்கம், காரைக்குடி என்று நம் பக்கத்திலேயே இருக்கும் ஆய்வு மையங்களைப் பற்றிச் சொல்லுங்கள், கடைசித் தேதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். பல்கலைக்கழகங்களும் ஏப்ரல்-மே தேர்வு அட்டவணையை முன்கூட்டியே அறிவிக்கட்டும். இடம் கிடைத்தும், தேர்வு நீண்டுபோனதால் போக முடியாமல் ஒரு பிள்ளைகூட நிற்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளையை இரண்டு மாதம் வெளியூருக்கு அனுப்பப் பயமாக இருக்கும், புரிகிறது. விடுதி எங்கே, யார் பொறுப்பு என்று நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, தைரியமாக அனுப்பிவையுங்கள்.