தோட்டத்தையும் சகோதரனையும் காத்தல்



திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நம்மில் பலர், சேஷாசலம் மலைகளைத் தூரத்தில் கண்டு கடந்துபோகிறோம். அவற்றின் ஒரு பகுதி 1989-ஆம் ஆண்டு ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 353 சதுர கிலோமீட்டர். 2010-இல் இம்மலைத்தொடர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அங்கே செம்மரம் வளர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அது வைரம் பாய்ந்து முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதை வீழ்த்துவதற்கோ ஓர் இரவு போதும்.

தேவன் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது, அதைப் பண்படுத்துவதோடு காக்கும் பொறுப்பையும் கொடுத்தார் என்று ஆதியாகமம் 2:15 அறிவிக்கிறது. இரண்டு அதிகாரங்களுக்குப் பின், தன் தம்பியைக் கொன்ற காயீன், அவனைக் காப்பது தன் வேலையா என்று தேவனிடமே எதிர்க்கேள்வி கேட்கிறான். எபிரெய மூலத்தில் இவ்விரு இடங்களிலும் காத்தலைக் குறிக்கும் வேர்ச்சொல் ஒன்றே. தோட்டத்தைக் காப்பதையும் சகோதரனைக் காப்பதையும் வேதம் வெவ்வேறு சொற்களால் பிரிக்கவில்லை.

நாமோ பிரித்துவிட்டோம். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அலுவலர் இருவர் மரம் வெட்டும் கும்பலால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரி அருகே, தமிழகத்திலிருந்து சென்ற இருபது பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன.

"திருடப் போனவர்களுக்காக ஏன் வருந்த வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். திருட்டு பாவமே, மரம் வெட்டுவது குற்றமே. ஆனால் குற்றத்தை விசாரித்துத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. மேலும், கூலிக்குக் கோடரி பிடித்தவன் மடிகிறான். அவனுக்கு முன்பணம் கொடுத்து அனுப்பிய தரகனும், கப்பலேற்றிப் பணம் சேர்க்கிற கடத்தல்காரனும் காட்டின் பக்கமே வருவதில்லை. ஏழையின் உயிர் மலிவாயிருக்கும்வரை, ஒருவன் விழுந்த இடத்திற்குத் தரகன் மற்றொருவனை அனுப்புவான். ஆகவே சகோதரனைக் காக்காமல் காட்டையும் காக்க முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

பிரியமானவர்களே, 1960-இல் மாநில எல்லை மாறித் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைகள் மனிதர் வரைபவை. ஆபேலின் இரத்தத்தின் கூக்குரலைக் கேட்ட தேவனுக்கு எல்லைக்கோடு தடையல்ல. எல்லையோரத்தில் வாழும் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. வழக்கத்திற்கு மிஞ்சிய கூலி சொல்லி, என்ன வேலை என்று சொல்லாமல் மலைக்கு ஆள் கூட்டுகிறவர்களைக் குறித்து நம் வாலிபரையும், நமக்குத் தெரிந்த கூலித் தொழிலாளரையும் எச்சரிப்போம். வேலையின்றித் தவிக்கும் குடும்பத்தைத் தரகன் தேடிப் போவதற்கு முன்பே சபை தேடிப் போகட்டும். காட்டில் இரவும் பகலும் காவல் காக்கும் வனப் பணியாளருக்காகவும், தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காகவும் ஒரே ஜெபத்தில் மன்றாடுவோம்.

காக்கும்படி நம்மை வைத்தவர், இவ்விரண்டையும் குறித்து நம்மிடத்தில் கணக்குக் கேட்பார். அந்நாளில் காயீனின் மறுமொழி நம் நாவில் இராதபடி கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.