தட்டினால் எழுந்திருக்கும் டெலிவிஷன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கம் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொடர் நாடகம் நடந்துகொண்டிருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை முற்றுகிற நேரம் (திரையில்தான்!), படக்கென்று படம் இருண்டுவிட்டது.

வீட்டுப் பாட்டி பதறவே இல்லை. எழுந்து போய்ப் பெட்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். சண்டை மறுபடியும் வந்துவிட்டது. "நாலு மாசமா இப்படித்தாம்மா. தட்டினா எழுந்திருச்சுடும்!" என்றார் பெருமையோடு.

பழுது பார்க்க வந்த ஒருவர் புதுசு வாங்கிவிடச் சொல்லிவிட்டாராம். தவணையில் வாங்குவதா, தீபாவளி வரை பொறுப்பதா என்று வீட்டில் யோசனை.

உங்கள் வீட்டிலும் இந்த வைத்தியம் உண்டா, சகோதரிகளே? 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்த காலத்திலிருந்து நாம் பழகியதாயிற்றே! ஆனால் ஒன்று: தட்டினால் எழுந்திருக்கிறது என்றால், உள்ளே எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். தளர்ந்த இடத்தில் மின்சாரம் சிரமப்பட்டுப் பாய்கிறது, அங்கே சூடேறுகிறது. ப்யூஸ் காப்பாற்றாதோ என்பீர்கள். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் ப்யூஸ் போகும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. ப்யூஸ் பேசாமல் இருக்க, பிளாஸ்டிக் கருகும்.

முதலில் வெளி ஒயரைப் பாருங்கள். சுவரில் ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிய பிறகுதான். பல பெட்டிகளில் பின்பக்கம் செருகும் முனை எட்டு என்ற எண்ணைப் போல இரண்டு துளைகளோடு இருக்கும். அது லொடலொடவென்று ஆடினாலோ, பழுப்பேறியிருந்தாலோ, பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே மாதிரி, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

வெளி ஒயர் நன்றாக இருந்தால், கோளாறு உள்ளே. அங்கே நாம் கை வைக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் பெட்டிக்குள் சுமார் 325 வோல்ட்டாகி ஒரு கெப்பாசிட்டரில் தங்குகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் விழித்திருக்கும். மூடியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது நம் வேலை.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் பவர் போர்டில் ஏறும் இடத்தில் சிறிய வெள்ளைக் கனெக்டர் ஒன்று இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். தீய்ந்த தோசை நிறம் தெரிந்தால், ஆசாமி அகப்பட்டுவிட்டான்! கழற்றுமுன் எந்த ஒயர் எந்தத் துளையில் என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியதை வாங்கும்போது பின்களின் இடைவெளி முக்கியம். பல பெட்டிகளில் அது 3.96 மில்லிமீட்டர், நடுப் பின்னை விட்டுவிட்டிருந்தால் 7.92. பார்வைக்கு அதே போலிருக்கும் 2.54 மில்லிமீட்டர் சின்னது வேண்டாம். அது இந்த வேலைக்குப் போதாது.

இன்னொன்று. ஒயர் முனையை மட்டும் மாற்றிவிட்டு, போர்டில் கருகிய பின்னை அப்படியே விட்டால் புது முனையும் கருகும். ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றித் தருகிறேன் என்றால், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிநேகிதி வீட்டில் புதன்கிழமை வேறொரு மெக்கானிக் வந்து திறந்தார். கனெக்டரில் ஒரு துளை கருகியே போயிருந்ததாம். பாட்டி தினமும் தட்டிய இடத்துக்கு நாலு விரற்கடை தள்ளித்தான் அது இருந்தது. கூலி தவிர, கனெக்டர் ஜோடியின் விலை ஒரு முழம் மல்லிகைப்பூ விலைகூட ஆகவில்லை. தவணை யோசனை கைவிடப்பட்டது.

பாட்டிக்குத்தான் கொஞ்சம் குறை. "இப்பல்லாம் தட்டவே வேண்டியிருக்கலைம்மா" என்கிறார் போனில்!