கட்டுண்ட அம்மனுக்கே முதல் மரியாதை

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் சிறுவாச்சூர் அமைந்துள்ளது. இங்கு வடக்கு நோக்கி அமர்ந்து அருள்பாலிக்கும் மதுரகாளியம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் தமிழகமெங்கும் வாழ்கின்றன. விசேட தினங்கள் நீங்கலாக, வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில் மட்டுமே இத்திருக்கோயிலின் நடை திறக்கப்படுகிறது. ஏனைய நாட்களில் அன்னை, அருகிலுள்ள பெரியசாமி மலையில் செல்லியம்மனுடன் எழுந்தருளியிருப்பதாக ஐதிகம்.

இத்தலத்து வழிபாட்டில் ஒரு முறைமை உண்டு. மதுரகாளியம்மனுக்குத் தீபாராதனை காட்டுவதற்கு முன்பு, மலையில் உறையும் செல்லியம்மனை நினைந்து, அத்திசை நோக்கித் தீபம் காட்டப்படும். கருவறையில் வீற்றிருப்பவளோ மதுரகாளி. முதல் மரியாதை பெறுபவளோ செல்லி. இதன் காரணத்தை அறிய, தலத்தின் செவிவழி வரலாற்றைக் கேட்க வேண்டும்.

ஆதியில் சிறுவாச்சூர் செல்லியம்மனின் இருப்பிடமாக இருந்தது. மந்திரவாதி ஒருவன் அவளைக் குறித்துக் கடுமையாக உபாசனை செய்தான். பக்தனின் தவத்துக்கு இரங்குவது தாயின் இயல்பு. அவளும் இரங்கி வரம் அளித்தாள். வரம் கைவந்ததும் அவன் வேடம் கலைந்தது. மந்திர பலத்தால் அன்னையைத் தன் ஏவலுக்கு உட்படுத்தினான். தீய செயல்களுக்கு அவளது சக்தியைக் கருவியாக்கினான். ஊரைக் காக்க வந்தவள், ஊர் அஞ்சும் ஒருவனுக்கு ஏவல் செய்ய நேர்ந்தது. மறுக்கலாம் என்றால், தான் கொடுத்த வாக்கே தளையாகிக் குறுக்கே நின்றது.

அந்நிலையில் ஒரு நாள் மாலை, சினம் முற்றும் தணியாத கோலத்தில் ஒரு பெண் அவ்வூருக்கு வந்தாள். மதுரையை எரித்த கண்ணகியே அவள் என்றும், மதுரையிலிருந்து வந்த காளி என்பதால் மதுரகாளி எனப் பெயர் பெற்றாள் என்றும் கூறுவர். அன்றிரவு தங்குவதற்கு அவள் இடம் கேட்டாள். செல்லியம்மன் தயங்கினாள். வந்தவளை வரவேற்க மனமில்லாமல் அன்று. தன் நிலை அறியாமல் ஒருத்தி இங்கு வந்து அகப்பட்டுக்கொள்வாளோ என்ற அச்சத்தால். பிறகு, நடப்பவை அனைத்தையும் மறைக்காமல் எடுத்துரைத்தாள். அதனைக் கேட்ட மதுரகாளி, "இன்றிரவு அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தேற்றி, அவள் இடத்தில் தான் அமர்ந்தாள். நள்ளிரவில் மந்திரவாதி வந்து வழக்கம்போல் அதிகாரத்துடன் அழைத்தான். எதிரே வந்தவள் செல்லி அல்லள். அவனது மந்திரம் அவளிடம் பலிக்கவில்லை. அவன் மாண்டான், ஊர் மீண்டது.

விடுதலை பெற்ற செல்லியம்மன், சிறுவாச்சூரில் மதுரகாளியே இருந்து அருள வேண்டும் என வேண்டி, தான் மலைக்குச் சென்றாள். முதல் மரியாதை மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். மதுரகாளி அதற்கு மனமுவந்து இசைந்தாள் என்பது வரலாறு.

சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. தீயவனின் ஏவலைச் செய்தவள் என்று செல்லியம்மனை எவரும் ஒதுக்கவில்லை. அவள் கைகளால் தீமை நிகழ்ந்திருக்கலாம். ஆனால் அத்தீமை அவளுடையதன்று என்பதை வெற்றி பெற்ற தேவியே உணர்ந்திருந்தாள். பகையை அழித்ததோடு அவள் பணி முடிந்துவிடவில்லை. பறிபோன மரியாதையைத் திருப்பித் தருவதும் விடுதலையின் ஒரு பகுதி என்பதை, நடை திறக்கும் ஒவ்வொரு நாளும் அத்தீபம் உணர்த்துகிறது.

கொடியவனுக்கு நல்லோர் ஏவல் செய்ய நேர்ந்த கதைகள் நம் புராணங்களில் பல. கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தில், சூரபன்மனின் ஆட்சியில் தேவர்கள் அசுரர்களுக்கு மீன் சுமந்து கொடுக்கும் இழிநிலைக்குத் தள்ளப்பட்டனர். இந்திரனின் மகன் சயந்தனும் தேவர்களும் சிறையில் வாடினர். இந்திரன் சீகாழியில் நந்தவனம் அமைத்துச் சிவபூசை செய்தபடி மறைந்து வாழ்ந்தான். முருகப்பெருமான் படையெடுத்து வந்தபோது முதலில் போரைத் தொடங்கவில்லை. வீரவாகுத் தேவரைத் தூது அனுப்பினார். அத்தூதின் சாரம், சிறையிலுள்ள தேவர்களை விடுவிக்க வேண்டும் என்பதே. மண்ணும் பொன்னும் அங்குப் பொருளாகவில்லை. கட்டுண்டோரின் மீட்சியே பொருளாயிற்று. 'மீன் சுமந்தவர்கள்தாமே' என்ற ஏளனத்துக்கு அப்பெருமானின் திருவுள்ளத்தில் இடமில்லை.

இதற்கு மாறான நிலை மாரீசனுடையது. சீதையைக் கவர்வது குலநாசம் என்று இராவணனுக்கு அவன் அறிவுரை கூறினான். அதுவரை அவன் செய்தது சரியே. மறுத்தால் கொல்வேன் என்று இராவணன் அச்சுறுத்தியதும், இவன் கையால் சாவதினும் இராமன் கையால் சாவது மேல் எனத் துணிந்து பொன்மானானான். அத்துடன் நிற்கவில்லை. அம்பு பட்டு வீழும் வேளையிலும், இராமனின் குரலில் சீதையையும் இலக்குவனையும் அழைத்து வஞ்சகத்தை முழுமையாக்கினான். அந்த இறுதி மூச்சை அவன் உண்மைக்குப் பயன்படுத்தியிருக்கலாம். கட்டாயத்தால் செய்தது எது, கட்டாயம் நீங்கும் கணத்திலும் செய்தது எது என்று பகுத்துப் பார்க்கும்போதுதான், செல்லியம்மனுக்கும் மாரீசனுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். வாய்ப்பு வந்த முதல் மாலையிலேயே அவள் உண்மையைச் சொன்னாள்.

பெரம்பலூரை அடுத்த அரியலூர் மாவட்டத்தில், தெய்வம் ஓரிடத்தில் தடுத்து வைக்கப்பட்ட மற்றொரு வரலாறு உண்டு. இது ஏட்டிலும் கல்வெட்டிலும் இடம்பெற்ற வரலாறு. 1688-ஆம் ஆண்டளவில், முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி, காஞ்சி வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனி இரகசியமாக உடையார்பாளையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆபத்து நீங்கிய பின்பும் அப்பகுதியின் பாளையக்காரர் பெருமாளைத் திருப்பி அனுப்ப மறுத்தார். அவர் கொடியவர் அல்லர். தெய்வத்தின் மீது கொண்ட பற்றே அவரைத் தடுத்தது. ஆயினும், வரதன் இல்லாமல் காஞ்சி வெறிச்சோடிக் கிடந்தது. ஆத்தான் ஜீயர் வேண்டியதற்கு இணங்கி, அவருடைய சீடரான லாலா தோடர்மால் படைபலத்துடன் முன்வந்து, 1710-ஆம் ஆண்டில் பெருமாளைக் காஞ்சிக்கு மீட்டுத் தந்தார். கைகூப்பி நிற்கும் அவரது சிலையைக் காஞ்சித் திருக்கோயிலில் இன்றும் காணலாம். பேராசையால் கட்டினாலும் பாசத்தால் கட்டினாலும் கட்டு கட்டுதான்; அதனை அவிழ்க்க வெளியிலிருந்து ஒரு கை வரவேண்டியிருந்தது.

இவை யாவும் பழங்கதைகள் என்று ஒதுக்கிவிட இயலாது. வயது முதிர்ந்த தாய் தந்தையர் பலர், விருப்பமின்றி ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுகின்றனர். வீட்டில் நடக்கும் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்கின்றனர். உடன்பிறந்தவருக்கு எதிராகப் பொய் உரைக்கவும் உடன்படுகின்றனர். அவர்களைக் கட்டும் மந்திரம் பெரும்பாலும் ஒரே வாக்கியமாக இருக்கிறது: "மறுத்தால் பேரப்பிள்ளைகளைக் கண்ணில் காட்ட மாட்டோம்." தம் உயிருக்கு அஞ்சாதவரும் இதற்கு அஞ்சுவர். ஓர் அருமைப் பேத்தியின் முகம் அவர்களைப் பொறுத்தவரை சிறைப்பட்ட சயந்தனுக்குச் சமம். செல்லியம்மனுக்கு வரம் எவ்வாறு தளையாயிற்றோ, அவ்வாறே அன்பு இங்குத் தளையாகிறது. செய்துவிட்ட பின், 'நானே இதற்கு உடந்தையானேனே' என்ற வெட்கம் வாயை இன்னும் இறுக்கமாக அடைத்துவிடுகிறது.

அவர்களுக்குச் சிறுவாச்சூர் காட்டும் வழி மூன்று படிகளாக உள்ளது. முதலாவது, சொல்வது. அன்று மாலை செல்லியம்மன், 'நம் வீட்டுச் சங்கதி வந்தவளுக்கு எதற்கு' என்று கௌரவம் பார்த்திருந்தால், மதுரகாளி அவ்வூரைக் கடந்து சென்றிருப்பாள். நம்பத்தகுந்த உறவினரிடமோ, நெடுநாள் நண்பரிடமோ, ஊர்ப் பெரியவரிடமோ ஒருமுறை சொல்லிவிட்டால் பாரம் பாதியாகும்.

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் உதவியை ஏற்பது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. தம்மைப் பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமக்கள் எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர், அக்கடமையில் தவறினால், அந்தக் கைமாற்றத்தை மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெற்றதாகக் கருதிச் செல்லாது என அறிவிக்க அதன் 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் இதற்கு மனு அளிக்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. பத்திரம் எழுதும்போதே அந்நிபந்தனையைத் தெளிவாகச் சேர்ப்பது விவேகம்.

மூன்றாவது படி, கேட்பவருக்கு உரியது. அஞ்சி அஞ்சி ஒருவர் தம் நிலையைச் சொல்லும்போது, 'அப்போதே ஏன் சொல்லவில்லை' என்றும், 'நீங்கள்தானே கையெழுத்திட்டீர்கள்' என்றும் குத்திக் காட்டலாகாது. மதுரகாளி அவ்வாறு கேட்கவில்லை. இரவு முழுவதும் அவள் இடத்தில் தான் இருந்தாள். விடிந்ததும் மரியாதையை அவளுக்கே அளித்தாள்.

சிறுவாச்சூர் செல்லும் அன்பர்கள், கோயில் வளாகத்திலேயே அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்கு ஏற்றி நேர்த்திக்கடன் செலுத்துவது வழக்கம். வீட்டிலிருந்து மாவாகக் கொண்டு செல்லாமல், அன்னையின் முன்னிலையிலேயே இடிப்பதைச் சிறப்பாகக் கருதுகின்றனர். திங்கள் அல்லது வெள்ளியன்று அங்குச் செல்வோர், தீபாராதனை வேளையில் கருவறையை மட்டும் நோக்கி நிற்காமல், மலையை நோக்கித் தீபம் எழும் அந்த முதல் கணத்திலும் கைகூப்ப வேண்டும். சொல்ல இயலாத கட்டில் அகப்பட்டிருப்போர் ஒவ்வொருவருக்காகவும் அப்போது ஒரு பிரார்த்தனை செய்தல் நலம். திரும்பும் வழியில் அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டுக்குச் சென்று, அவர் சொல்லும்வரை பொறுமையாக அமர்ந்திருத்தல் அதனினும் நலம்.