அவனுடைய பெயரை எந்தத் தாளில் எழுதுவது?



வைகாசி மாதம் நமக்கு இரு முகங்கள் கொண்டது. அது அன்னை மரியாளின் வணக்க மாதம். 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்ற மாதமும் அதுவே. 18ஆம் திகதி நெருங்கும்போது நமது ஆலயத்தில் செபமாலை சொல்லும் குரல்கள் தளர்வதை ஆண்டுதோறும் கேட்கிறேன். மறையுரையில் சொல்லத் துணியாத ஒன்றை இவ்வாண்டு இங்கே எழுதுகிறேன். அது என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில், இறந்த உறவுகளின் பெயர்களை எழுதித் தருமாறு ஆலய வாசலில் தாள்களை வைத்திருந்தோம். திருப்பலி முடிந்தபின் வயதான தாய் ஒருவர் வெற்றுத்தாளோடு என்னிடம் வந்தார். அவருடைய மகன் 2009இல் காணாமலாக்கப்பட்டவன். “சுவாமி, என்ரை பிள்ளையின்ரை பெயரை எந்தத் தாளிலை எழுதிறது? உயிரோடை இருக்கிற ஆக்களின்ரையிலையோ, செத்த ஆக்களின்ரையிலையோ?” என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள், “எனக்கு இனி நம்பிக்கை இல்லை சுவாமி” என்றார்.

அடுத்து ஒரு திருமுழுக்கு இருந்தது, குடும்பத்தார் காத்திருந்தனர். “அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா, ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும், இன்னும் உருக்கமாய்ச் செபியுங்கோ” என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையசைத்துச் சென்றார். அதன்பின் பல மாதங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. (அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.)

பின்பு அவரது வீட்டுக்குச் சென்றேன். சுவரில் மருதமடு அன்னையின் படம். அதன் கீழே பாடசாலைச் சீருடையில் மகனின் புகைப்படம். முன்னால் எரியும் விளக்கு. ஒருநாள்கூடச் செபமாலையை அவர் விட்டதில்லை. நம்பிக்கை இல்லை என்று சொன்னவரின் வீட்டில் நான் கண்டது இதுவே.

அன்று என் மொழியறிவும் குருமடக் கல்வியும் எனக்குக் கைகொடுக்கவில்லை. நம் முன்னோரின் மறைக்கல்வியில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று புண்ணியங்களைப் படித்தோம். இன்றைய மொழிபெயர்ப்பில் அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறோம். ஆக, நம் பேச்சில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. அந்தத் தாய் கடவுளை மறுக்கவில்லை. நாளைய நாளைப் பார்க்க வலுவில்லை என்றார். நானோ அவர் விசுவாசத்தை இழந்துவிட்டார் என்று எண்ணி, மேலும் செபிக்கச் சொன்னேன். பசித்திருப்பவரிடம் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிச் செல்வதைப் போன்றது அது.

நமது சமூகத்தில் இத்தவறைச் செய்பவன் நான் மட்டுமல்ல. மனம் சோர்ந்தவரிடம் ‘விசுவாசம் குறைந்துவிட்டது’ என்கிறோம். ‘நேர்த்திக்கடன் ஏதும் பாக்கி இருக்கும்’ என்கிறோம். சிலர் ‘பாவத்தின் தண்டனை’ என்றும் சொல்லத் துணிகின்றனர். இவை கிறிஸ்தவ ஆறுதல் அல்ல. சோர்வு பாவமும் அல்ல. இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் வந்து தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். பயணம் நெடியது என்பதைச் சொன்னாரேயன்றி ஏன் சோர்ந்தாய் என்று கேட்கவில்லை. திருப்பாடல்களில் 88ஆவது, ஒளியில் முடியாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் செபநூலில் வைத்திருக்கிறது. புலம்பலுக்கும் ஆலயத்தில் இடமுண்டு என்பதே அதன் பொருள்.

அப்படியானால் எதிர்நோக்கு என்பது என்ன? அது எதிர்பார்ப்பு அன்று. அகதி விண்ணப்பம் ஏற்கப்படும், நோய் தீரும், போன பிள்ளை திரும்பும் என்று காத்திருப்பது எதிர்பார்ப்பு. அது நியாயமானது; அதற்காக மன்றாடலாம். ஆனால் அது பொய்த்தும் போகலாம். எதிர்நோக்கு விளைவின்மீது கட்டப்படுவதில்லை. நம்மைக் கைவிடாத கடவுளின் உண்மைத்தன்மையின்மீது கட்டப்படுகிறது. உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தம் காயங்களைக் காட்டினார். உயிர்ப்பு அந்தக் காயங்களை அழித்துவிடவில்லை. ஆனால் இறுதிச் சொல்லை அவற்றிடம் விட்டுவிடவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதையே முக்கியமாகச் சொல்ல விழைகிறேன். எதிர்நோக்கைத் தனியாளாகச் சுமக்க வேண்டியதில்லை. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினர். மாற்கு நற்செய்தியாளர் அதைக் கவனமாக எழுதுகிறார்: இயேசு கண்டது ‘அவர்களுடைய’ நம்பிக்கையை. படுத்திருந்தவர் என்ன நம்பினார் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவரால் இயலாததைச் சுமந்தவர்கள் செய்தனர்.

நம்முடைய வரலாறும் சுமந்தவர்களின் வரலாறே. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் அன்னையின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுவழியே மடுவை அடைந்தன என்பது நமது மரபு. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குக் குருவுமில்லை, திருப்பலியுமில்லை. ஆயினும் அவர் சில்லாலையை அடைந்தபோது விசுவாசிகள் இருந்தனர். பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபங்களை வாய்மொழியாகக் கையளித்திருந்தனர். சோர்ந்தவருக்காகச் சோராதவர் செபித்திருப்பர். பின்னொரு நாள் அது மாறியும் இருந்திருக்கும்.

மடுவுக்கு அடைக்கலம் தேடி வந்தவர்களைத் துன்பம் விட்டுவைக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1999 நவம்பர் 20ஆம் திகதி ஆலய வளாகத்தில் விழுந்த எறிகணைகளால், இடம்பெயர்ந்து தங்கியிருந்தவர்களில் ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தனர். அன்னையின் காலடியில் இருந்தும் ஏன் இறந்தனர் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகப் பாவனை செய்வது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சொரூபம் மீண்டும் சுமக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குச் சென்றது; ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ், காலையில் கொழும்பில் யோசேப்பு வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு, பிற்பகலில் அந்தச் சொரூபத்தின் முன் நின்று செபித்தார். அந்த அன்னையும் நம்மைப் போல இடம்பெயர்ந்தவரே.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்களையும் இங்கே நினைக்கிறேன். இறுதிவரை மக்களோடு வன்னியில் இருந்த அவர், 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்றார். இன்றுவரை அவரைப் பற்றிய செய்தி இல்லை. ஒரு குருவாக, அவருடைய பெயரையும் எந்தத் தாளில் எழுதுவதென்று நான் அறியேன். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரம் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் இதே கேள்வியோடுதான் அமர்ந்தனர். பதில் கிடைக்காமலே அவர்களுட் பலர் கண்மூடிவிட்டனர். பிள்ளைகள் எங்கே என்று கேட்பது எதிர்நோக்குக்கு முரணானதன்று. உண்மையையும் நீதியையும் கேட்காத எதிர்நோக்கு வெறும் மயக்கமருந்து.

ஆகவே, லண்டனில் வாழும் உங்களிடம் சில வேண்டுகோள்கள். குளிர்கால மாலைகளில் தனியே இருக்கும் முதியவர்கள், இரவு வேலையில் களைத்துப்போன தந்தையர், கடனோடு படிக்க வந்த மாணவர்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு நாட்களை எண்ணும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள். சோறும் கறியும் கொண்டுபோய் அருகில் அமருங்கள். வானதூதரும் அதையே செய்தார். சோர்வு நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து உட்கொள்வது விசுவாசக் குறைவன்று. உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் எந்நேரமும் 116 123 என்ற இலக்கத்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பை இலவசமாக அழைக்கலாம். ஆங்கிலம் தடையானால் பக்கத்தில் இருந்து அழைத்துக் கொடுங்கள். பங்குமனைக் கதவையும் தட்டுங்கள். இம்முறை நான் அவசரப்பட மாட்டேன்.

அந்தத் தாயின் கேள்விக்கு இறுதியில் நாங்கள் இருவரும் சேர்ந்தே ஒரு பதிலைக் கண்டோம். நற்கருணை மன்றாட்டில் திருச்சபை உயிரோடிருப்போரையும் நினைக்கிறது, இறந்தோரையும் நினைக்கிறது. இரண்டும் ஒரே பீடத்தில். மகனின் பெயரை எந்தத் தலைப்பும் இல்லாத வெள்ளைத்தாளில் எழுதி, அந்தப் பீடத்தின்மேல் வைத்தோம். அவன் எங்கிருக்கிறான் என்பதை ஆண்டவர் அறிவார். இப்போது அந்தத் தாளில் வேறு பெயர்களும் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெயர் இருந்தால் 18ஆம் திகதித் திருப்பலிக்குக் கொண்டுவாருங்கள்.

அம்மா மீண்டும் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். யூலையில் வால்சிங்கம் திருப்பயணத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். “நம்பிக்கை திரும்பி வந்திட்டுதோ அம்மா?” என்று நான் கேட்கவில்லை. வராத நாட்களில் அவருக்காக அதைச் சுமக்க நாம் இருக்கிறோம்.

மருதமடு அன்னை நம் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

இறைப்பணியில்,
உங்கள் பங்குத்தந்தை