'மே'க்கும் 'ஷல்'லுக்கும் நடுவே

'மே ஐ கம் இன்?' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்ததோடு 'மே' என்ற துணைவினையின் பாடம் பள்ளியில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. சட்டத்தில் அது வந்தால் கதையே வேற.

1965-க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது 1963-ன் ஆட்சிமொழிகள் சட்டம். ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'மே'. 'ஷல்' என்று போட்டிருந்தால் 'தொடர வேண்டும்' என்றாகியிருக்கும். இங்கே இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்பது பிரதமர் நேருவின் விளக்கம். ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்தார். 'தொடரலாம்' என்பதற்குள் 'தொடராமலும் போகலாம்' ஒளிந்திருக்கிறதே! (நீதிமன்றங்கள் சில சமயம் 'மே'யை 'ஷல்' என்றே படிப்பதுண்டு. ஆனால், அதுக்கு வழக்குப் போடணும்.)

1965-ல் தமிழகம் கொந்தளித்தது. 1967 திருத்தத்தில்தான் 'ஷல்' வந்தது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு ஆங்கிலத்தில் தொடர்புகொள்ள வேண்டும்.

'கேன், குட், மே, மைட்' என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைப்பதைவிட, வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கையில் கொடுக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் 'தர வேண்டும்' என்றிருக்கிறதா, 'தரலாம்' என்றிருக்கிறதா? அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.