திறந்தாலே காலி

கேசட் ரெக்கார்டர் நினைவிருக்கிறதா? சிவப்புப் பொத்தானை அழுத்தினால், நாடா முதலில் அழிக்கும் முனையைத் தொட்டுவிட்டுத்தான் பதிவு முனைக்கு வரும். நீங்கள் பேசினாலும் சரி, மைக்கையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி, பழைய பாட்டு போனது போனதுதான்.

சி மொழியில் கோப்பைத் திறப்பதிலும் இதே ஆபத்து உண்டு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி; நம் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். 'எஃப்ஓபன்' என்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரையும், எதற்காகத் திறக்கிறோம் என்பதற்கு ஓர் எழுத்தையும் கொடுக்க வேண்டும். படிக்க 'ஆர்', எழுத 'டபிள்யூ', கடைசியில் சேர்க்க 'ஏ'. இதில் டபிள்யூதான் ஆளைக் கவிழ்ப்பது. நீங்கள் ஓர் எழுத்துகூட எழுத வேண்டாம். திறந்த அந்த நொடியே உள்ளே இருந்ததெல்லாம் காலி. "நிச்சயமா?" என்று கேட்காது. குப்பைத்தொட்டிக்கும் போகாது.

கோப்பைக் காலி செய்வதுதான் நோக்கம் என்றால் இதைவிடச் சுலபம் இல்லை. டபிள்யூவில் திற, மூடு. இரண்டே வரி.

என் அக்கா தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுப்பார். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவர் மகன் அதற்கு ஒரு நிரல் எழுதினான். படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும் என்று 'டபிள்யூ பிளஸ்' போட்டான். பிளஸ் இருந்தால் படிக்கலாம், உண்மைதான். ஆனால் படிக்க எதுவும் மிச்சமிருக்காது! யாருக்கு எத்தனை டின், யார் முன்பணம் கொடுத்தார் என்ற பட்டியல் பூஜ்யம் பைட் ஆனது. "ஃபைல் இருக்கும்மா, உள்ளதான் ஒண்ணும் இல்ல" என்றான். அக்கா அன்றிரவு முழுக்க வாட்ஸ்அப்பைத் துழாவிப் பட்டியலை மீட்டார்.

பிறகு 'ஆர் பிளஸ்' என்று மாற்றினான். இது எதையும் அழிக்காது, ஆனால் வேறு வம்பு இருக்கிறது. மொத்த டின் எண்ணிக்கையைத் தனிக் கோப்பில் வைத்திருந்தான்: 120. ஓர் அலுவலகம் 25 டின்னை ரத்து செய்ய, முதலிலிருந்து 95 என்று எழுதினான். திறந்து பார்த்தால் 950! புதியது இரண்டு இலக்கம். பழைய 120இன் கடைசிப் பூஜ்யம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, மாவு அரைக்கக் கொடுக்கும் முன் அக்கா பார்த்துவிட்டார்.

ஆக, ஆர்டரைச் சேர்த்துக்கொண்டே போக 'ஏ' போதும். புதுக் கோப்பு மட்டும்தான் வேண்டும் என்றால், 2011 தரத்தில் வந்த 'எக்ஸ்' எழுத்தை டபிள்யூவோடு சேர்த்துக்கொள்ளலாம். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் திறக்க மறுத்துவிடும்.

முழுவதையும் மாற்றி எழுதும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும். டபிள்யூவில் திறந்து பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதனால் வேறு பெயரில் எழுதுங்கள். மூடும் கட்டளையும் பிழையின்றி முடிந்ததா என்று பாருங்கள். வட்டில் இடம் போதாதது சில சமயம் அப்போதுதான் தெரியவரும். எல்லாம் சரியென்றால் பழைய கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டு, புதியதற்கு அதன் பெயரைக் கொடுங்கள்.