வாசலில் கேமரா வைத்தோம். சாவி யார் கையில்?

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சுரங்க லைன்களிலும் வாசலுக்கு மேல் ஒரு வெள்ளைக் கேமரா தொங்குவது இன்று அதிசயமல்ல. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவதே நம் மக்களின் தொழிலாகிவிட்டது. ஒரு பகுதியினர் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். இன்னொரு பகுதியினர் துபாயிலும் கத்தாரிலும் கிடக்கிறார்கள். வீட்டில் வயதான தாய் தந்தையர் இருப்பார்கள்; இல்லையென்றால் பூட்டுத் தொங்கும். தொலைவில் இருக்கும் மகன் கைபேசியில் தன் வீட்டு வாசலைப் பார்த்து நிம்மதி அடைய விரும்புவதை ஆடம்பரம் என்று கேலி செய்வோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

புதிய கருவிகளைக் கண்டு மிரளும் ஊரும் அல்ல நம்முடையது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரமே மூன்று ஆண்டு கழித்துத்தான் மின்விளக்கைக் கண்டது. ஆனால் அந்த மின்சாரம் யாருக்காக வந்தது? வெள்ளைக்காரக் கம்பெனியின் சுரங்கத்துக்காக. கருவி வந்தால் அது யாருக்கு உழைக்கிறது என்று கேட்க வேண்டும். கேமராவிடமும் அதையே கேட்போம்.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்வோம். வீட்டிலுள்ள கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டு ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைப்பது. போர்ட் திறப்பது என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். திறந்த வாசல் நமக்கு மட்டும் திறந்திருக்காது. உலகம் முழுவதும் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. மேலும் இப்போது பல கம்பெனிகள் ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், கூடுதல் பணம் கட்டித் தனி முகவரி வாங்காவிட்டால் இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. இரண்டாவது வழிதான் இன்று நடப்பில் உள்ளது. கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட சீட்டைக் கைபேசியில் காட்டினால் போதும். கேமரா தானாகவே கம்பெனியின் கணினியோடு பேசும். நம் கைபேசியும் அதே கணினியோடு பேசும். இரண்டையும் கம்பெனி இணைத்து வைக்கும். சுலபம்தான். ஆனால் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதற்கும் முன்னால் இன்னொருவர் இருக்கிறார்: கேமரா மாட்ட வரும் பையன். அவனும் நம் தெருப் பிள்ளைதான். அவன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் அவசரத்தில் செய்வது என்ன? தன் கைபேசியில், தன் எண்ணில், கேமராவைப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு அனுப்பி, "பாருங்கள் அண்ணா, தெரிகிறது" என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறான். வீட்டுக்காரரும் மகிழ்ந்து பணம் கொடுக்கிறார். உண்மையில் கேமராவின் எஜமான் யார்? பதிவு செய்தவன். பணம் கொடுத்த நாம் அவன் தயவில் பார்க்கும் விருந்தாளிகள். நாளை அவன் கைபேசி தொலைந்தால் நம் வாசலின் சாவியும் அதோடு போகும். இதை விட்டுவிட்டுத் திருடனைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் மோசம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால் என்ன நேர்ந்தது என்பதற்கு உலகமே சாட்சி. 2016-இல் மிராய் என்ற கள்ள நிரல், சுமார் 60 பழைய பாஸ்வேர்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அந்தப் படை தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில், ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் கேமராவிலிருந்து திருடப்பட்டு டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டன. அங்கே இருந்த பாஸ்வேர்டு ‘அட்மின்123’ என்று பிறகு செய்தி வந்தது. எந்த வீட்டுத் தாய்மார்களோ, எந்தக் குடும்பங்களோ!

நடுவில் உட்கார்ந்திருக்கும் கம்பெனியாவது யோக்கியமா? அமேசானுக்குச் சொந்தமான ரிங் என்ற வீட்டுக் கேமராக் கம்பெனியின் மேல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2023-இல் வழக்குப் போட்டது. அதன் ஊழியர் ஒருவர், பெண்கள் தங்கள் படுக்கையறையிலும் குளியலறையிலும் வைத்திருந்த கேமராக்களின் காட்சிகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்துக் கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய முதலாளிக்கு அது கைச்செலவு.

"நம் வீட்டில் என்ன தங்கமா கொட்டிக் கிடக்கிறது, எவன் பார்த்தால் என்ன?" என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். தங்கவயல்காரர்கள் இப்படிக் கேட்பது வேடிக்கைதான். 1930-இல் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவுத் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வீட்டில் மட்டும் தங்கம் இருந்ததா? விரல் நுனியின் கோடுகள் கம்பெனியின் புத்தகத்தில் ஏறினால் நாளை எந்த வாசலிலும் தன்னை நிறுத்திவைக்க முடியும் என்பது எழுத்தறியாத அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. அவன் பேரன் இன்று காசு கொடுத்து, வீட்டு முற்றத்தையே ஊர் பேர் தெரியாத கணினியில் ஏற்றிவிட்டுப் பாஸ்வேர்டைக்கூடக் கேட்டு வாங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். வாசலில் கேமரா வைப்பது வேறு, கூடத்தில் தாயின் கட்டிலுக்கு எதிரே வைப்பது வேறு. அம்மா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்ற மகனின் கவலை நியாயமானது. ஆனால் அம்மாவைக் கேட்டீர்களா? புடவை மாற்ற எங்கே போவார்? பக்கத்து வீட்டு அக்காவிடம் மருமகளைப் பற்றி நாலு வார்த்தை பேச எங்கே போவார்? கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த உறவினர்களுக்குள் இப்படி வீட்டுக்குள் கேமரா வைத்த தகராறு உயர்நீதிமன்றம் வரை போனது. கூட வசிப்பவர்களின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா கூடாது என்று 2025-இல் தீர்ப்பாயிற்று. சட்டம் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்?

ஆகவே கேமரா வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் கறாராக இருங்கள். பதிவு நம் குடும்பத்தாரின் கைபேசி எண்ணில்தான் நடக்க வேண்டும். மாட்டிய பையனின் கைபேசியில் ஒரு பங்குகூட மிஞ்சக் கூடாது. பெட்டியின் பாஸ்வேர்டை அவன் போன பிறகு நாமே மாற்ற வேண்டும். பிறந்த தேதியும் பிள்ளை பெயரும் பாஸ்வேர்டு ஆகாது. ரூட்டரில் போர்ட் எதையும் திறக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் அரசு ஏற்ற சோதனைக் கூடத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்த கேமராவைத்தான் சந்தைக்குக் கொண்டுவரலாம் என்பது மத்திய அரசின் விதி. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நாள் முழுதும் திறந்துவைத்துப் பார்த்தால் சுமாரான படத்துக்கே மணிக்கு 450 எம்.பி. வரை போகும், அந்தக் காசில் அம்மாவோடு பேசலாம். மின்சாரம் போனால் ரூட்டரும் போகும். கேமரா இருக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கைபேசி நுணுக்கம் தெரியாத முதியோர் வீடுகளில் ஏற்கெனவே மாட்டிய கேமராக்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று சரிபார்க்க, படித்த பிள்ளைகள் நாலு பேரை ஞாயிறு மாலைகளில் சங்க அலுவலகத்தில் உட்கார வைக்கலாம் என்று அடுத்த செயற்குழுவில் கேட்க இருக்கிறேன். வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். மாட்டும் கூலியின் கடைசிப் பகுதியை, பதிவு நம் எண்ணுக்கு மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.